கராஜ், சேவிஸ் நிலையம், பெற்றோல் நிலையம்: கழிவுநீர் பற்றி யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எண்ணெய் பிரிக்கும் தொட்டிக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பதும் உரிம விண்ணப்பங்களுக்கு உதவுவதும் என் தொழில். மருதனார்மடத்தில் ஒருவர் கேட்ட சந்தேகத்தையே அடுத்த கிழமை நெல்லியடியில் இன்னொருவர் கேட்கிறார். அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன். எண்ணெயைத் தண்ணீரோடு சேரவிட்ட பிறகு பிரித்தெடுப்பது செலவு, சேரவிடாமல் வைத்துக்கொள்வது மலிவு. இந்த எண்ணம்தான் எல்லா விடைகளுக்கும் அடிப்படை.

நான் வைத்திருப்பது இரண்டு பேர் வேலை செய்கிற சின்னக் கராஜ். இந்தச் சட்டமெல்லாம் பெரிய கம்பனிகளுக்குத்தானே?

இல்லை. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும் அதன் 1988, 2000 திருத்தங்களும் ஆள் எண்ணிக்கையைப் பார்த்து உங்களை விட்டுவிடுவதில்லை. கழிவை வெளியே விடக்கூடிய தொழில்கள் எவை என்று வர்த்தமானியில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் உள்ள தொழிலைச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இல்லாமல் நடத்தக்கூடாது. வாகனம் திருத்தும் கராஜ், சேவிஸ் நிலையம், எரிபொருள் நிரப்பு நிலையம் மூன்றும் அதில் இருக்கின்றன.

உரிமத்துக்கு யாரிடம் போவது? பிரதேச சபையில் கேட்டால் மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போ என்கிறார்கள், அங்கே கேட்டால் திருப்பி அனுப்புகிறார்கள்.

அலைச்சலுக்குக் காரணம், ஒரே வளவில் நடக்கும் இரண்டு வேலைகள் இரண்டு பட்டியல்களில் வருவதுதான். 2008 ஜனவரி வர்த்தமானி தொழில்களை மாசின் அளவைப் பார்த்து மூன்று பட்டியல்களாகப் பிரித்தது. குறைந்த மாசுப் பட்டியலில் உள்ளவற்றுக்கு மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை ஆகியவையே உரிமம் வழங்கும். எரிபொருள் நிரப்பு நிலையமும், பெயின்ற் விசிறாமல் குளிரூட்டி வேலை செய்யாமல் வாகனம் திருத்த மட்டும் செய்கிற கராஜும் இந்தப் பட்டியலில் வருபவை. மற்ற இரண்டு பட்டியல்களும் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் கையில் இருக்கின்றன.

அதனால் கராஜோடு சேர்த்துப் பெயின்ற் அறை வைத்தாலோ, பெற்றோல் நிலையத்தின் பின்பக்கத்தில் வாகனம் கழுவும் சேவிஸ் மேடை போட்டாலோ போகவேண்டிய அலுவலகம் மாறிவிடும். விண்ணப்பத்தில் எல்லா வேலைகளையும் எழுதுங்கள். ஒன்றை மறைத்து எடுத்த உரிமம், முறைப்பாடு வரும் நாளில் உங்களுக்கு உதவாது. பட்டியல்கள் திருத்தப்படுவதுண்டு. ஆகவே விண்ணப்பம் கொடுக்கும் நாளில் உங்கள் தொழில் எதில் வருகிறது என்று அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வருடா வருடம் சபைக்குக் காசு கட்டி வியாபார உரிமம் எடுக்கிறேன். அது போதாதா?

போதாது. அது கடை நடத்துவதற்கான அனுமதி. சுற்றாடல் உரிமம் கழிவை எப்படி, எவ்வளவு, எங்கே விடலாம் என்ற நிபந்தனையோடு தரப்படுவது. பட்டியலைப் பொறுத்து அது ஓராண்டுக்கோ மூன்றாண்டுக்கோ செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு கடதாசிகள், இரண்டும் வேண்டும்.

எங்கள் வளவு நல்ல செம்மண். எவ்வளவு ஊற்றினாலும் உறிஞ்சிவிடும். மண் எண்ணெயை வடிகட்டிவிடாதா?

அது உறிஞ்சிவிடுவதுதான் ஆபத்து. வலிகாமத்தில் பல இடங்களில் செம்மண் படை சில அடி ஆழம்தான். அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல். மழைநீர் காலங்காலமாக அரித்து, வெடிப்பும் பொந்தும் குகையுமாக்கிய கல் அது. நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்த்தவர்களுக்கு அந்தக் கல்லுக்குள் தண்ணீர் எப்படி நடமாடுகிறது என்று சொல்லத் தேவையில்லை. மணலுக்குள் தண்ணீர் கசிந்து கசிந்து போகும். இந்த வெடிப்புகளில் அது ஓடும். ஓடுகிற தண்ணீரை யாரும் வடிகட்டுவதில்லை.

எங்களுக்கு வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்வது கல்லுக்குள் இறங்கி, கீழே உள்ள உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. வீட்டுக் கிணறும் வெங்காயத் தோட்டத்து இறைப்பும் அந்தப் படையிலிருந்துதான். சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையத்தின் கழிவு எண்ணெய் கிணறுகளுக்குள் வந்தபோது இதைத்தான் ஊரே பார்த்தது. அந்த வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற அடிப்படையில் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தக் கட்டளையிட்டது. உங்கள் கராஜ் மின் நிலையம் அல்ல என்று சொல்வீர்கள். கல் எல்லோருக்கும் ஒரே கல்தான்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். 2008 ஒழுங்குவிதிகளின்படி உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீரில் எண்ணெயும் கிறீசும் லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. ஒரு லீற்றர் எஞ்சின் ஒயிலின் நிறை ஏறத்தாழ 880 கிராம். அது 88,000 லீற்றர் தண்ணீரை இந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு மோட்டார் சைக்கிளில் மாற்றுகிற ஒயிலே ஏறத்தாழ அவ்வளவு வரும்.

மலகூடக் குழி கிணற்றிலிருந்து தள்ளி இருந்தால் சரி என்கிறார்கள். அதேபோல் தூரமாக ஒரு உறிஞ்சு குழி வெட்டி விட்டால் என்ன?

மலகூடக் குழிக்குத் தூரம் சொல்வது கிருமிகளை நினைத்து. மண்ணுக்குள் நாட்கள் செல்லச் செல்லக் கிருமி சாகும். எண்ணெய்க்குச் சாவு அவ்வளவு சீக்கிரம் வராது. காற்றுப் புகாத ஆழத்தில் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கராஜ் தரை கழுவிய தண்ணீரையும் சேவிஸ் மேடைத் தண்ணீரையும் எந்த உறிஞ்சு குழிக்கும் நேரே விடாதீர்கள், தூரம் எவ்வளவானாலும் சரி.

மலகூடத் தொட்டியோடு இணைப்பதும் தவறு. எண்ணெயும் அமிலமும் அதற்குள் மலத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பிறகு அந்தத் தொட்டியும் தன் வேலையைச் செய்யாது.

வளவு மூலையில் பாழ்க்கிணறு ஒன்று சும்மா கிடக்கிறது. யாரும் அள்ளுவதில்லை. அதற்குள் விட்டால் யாருக்கு நட்டம்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். உறிஞ்சு குழியில் விட்டால் எண்ணெய் கொஞ்சம் மண்ணாவது தாண்ட வேண்டும். பாழ்க்கிணறு நன்னீர்ப் படைக்குள் நேரே திறக்கும் வாசல். அதில் விட்டது அயலவர் அள்ளும் வாளிக்குள் வரும். குப்பை, பழைய வடிகட்டி, எண்ணெய்த் துணி எதையும் போடாதீர்கள். இப்போதே சிலாபைப் போட்டு மூடுங்கள், சுற்றிக் கட்டு எழுப்பி மழைவெள்ளம் உள்ளே போகாமல் தடுங்கள்.

ரோட்டோர வாய்க்கால் இருக்கிறதே, அது சபையின் வாய்க்கால்தானே?

அது மழைவெள்ளம் போவதற்கு. நகரத்து வாய்க்கால்கள் குளங்களையும் கடல்நீரேரியையும் நோக்கிப் போகின்றன. குளங்கள் ஊறிக் கிணறுகளுக்கு நீர் கொடுக்கின்றன. வாய்க்காலின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் எதுவும் காத்திருக்கவில்லை. தொட்டியில் பிரித்து, ஆய்வுகூடத்தில் எல்லைக்குள் வந்து, உரிமத்தில் அந்த வெளியேற்றும் இடம் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே விடலாம். முறைப்பாடு வந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வருவார். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ்ப் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றத்துக்கும் விடயம் போகலாம்.

எண்ணெய் பிரிக்கும் தொட்டி என்கிறீர்கள். மேசன் ஒருவர் மூன்று அறை கட்டிவிட்டால் சரிதானே?

அறைகளின் எண்ணிக்கையை விட, தண்ணீர் ஒரு அறையிலிருந்து மற்றதற்கு எந்த உயரத்தில் போகிறது என்பதே முக்கியம். முதல் அறை மணலும் சேறும் படிவதற்கு. இரண்டாவதில் எண்ணெய் மேலே ஏறி மிதக்கும். அங்கிருந்து தண்ணீர் மேல்பக்கத்தால் வழிந்து போனால் முதலில் போவது எண்ணெய்தான். அதனால் வெளியேறும் குழாய்க்கு ஒரு ரீ (T) வடிவத் துண்டு பூட்டி, அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஆழமாக இறங்கி நிற்கும்படி வைப்பார்கள். எண்ணெய் மேலே நிற்க, அடியிலிருக்கும் தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும்.

ஒரு சேவிஸ் நிலையத்தில் தொட்டி மூடியைத் திறந்தபோது மூன்று அறையும் ஒரே கறுப்பாகக் கிடந்தன. தண்ணீர் மெதுவாகப் போகிறது என்று யாரோ அந்த ரீ துண்டைக் கழற்றிப் பக்கத்திலேயே சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஐந்நூறு ரூபாவும் பெறாத அந்தத் துண்டு இல்லாததால் தொட்டிக்குச் செலவழித்த பணம் முழுவதும் வீண். மெதுவாகப் போகத்தான் வேண்டும். எண்ணெய்த் துளி மேலே ஏற அவகாசம் தேவை. அவகாசம் தருவதற்கே தொட்டி கட்டுகிறோம்.

தொட்டியின் உள்பக்கமும் அடியும் நீர் கசியாதபடி பூச வேண்டும். அடி திறந்த தொட்டி என்றால் மேலே சொன்ன உறிஞ்சு குழியைத்தான் சீமெந்து செலவழித்துக் கட்டியிருக்கிறீர்கள்.

நாங்கள் நல்ல சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறோம். எண்ணெய் கரைந்துபோய்விடுகிறது. பிறகென்ன பிரச்சினை?

அது கரையவில்லை, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்திருக்கிறது. துளியின் விட்டம் ஏழில் ஒன்றாகச் சுருங்கினால் அது மேலே ஏறும் வேகம் ஏறத்தாழ ஐம்பதில் ஒன்றாகிவிடும். பத்து நிமிடத்தில் மிதந்திருக்க வேண்டிய துளிக்கு எட்டு மணித்தியாலம் வேண்டும். அதற்குள் தண்ணீர் தொட்டியைத் தாண்டிப் போய்விடும். மூன்றாவது அறைத் தண்ணீர் பால்போல் வெளிறிக் கிடந்தால் காரணம் சோப்புத்தான்.

அழுத்தப் பம்பும் இதையேதான் செய்யும். எஞ்சினின் கிறீசை முதலில் சுரண்டியும் துணியால் துடைத்தும் எடுங்கள். கழுவுவது கடைசி வேலையாக இருக்கட்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவும் பாகங்களைத் தனித் தட்டில் கழுவி, அந்த மண்ணெண்ணெயைத் தெளியவைத்துத் திரும்பப் பாவியுங்கள். அதை வாய்க்காலுக்குக் காட்டவே கூடாது.

தொட்டியை எத்தனை நாளைக்கொருமுறை துப்புரவு செய்ய வேண்டும்?

நாளைப் பார்த்து அல்ல, தடிப்பைப் பார்த்து. கிழமைக்கொருமுறை மூடியைத் திறந்து, ஒரு தடியை விட்டு எண்ணெய்ப் படையின் தடிப்பையும் அடியில் படிந்த சேற்றின் உயரத்தையும் பார்த்து ஒரு கொப்பியில் எழுதுங்கள். எண்ணெய்ப் படை ரீ துண்டின் கீழ்க்காலை நெருங்கும் முன் அள்ள வேண்டும். சேறு முதல் அறையின் மூன்றிலொன்றுக்கு வந்தால் அதையும் எடுக்க வேண்டும். அந்தக் கொப்பி உரிமம் புதுப்பிக்கும்போது உங்களுக்காகப் பேசும். அள்ளிய சேறு ஆபத்தான கழிவு. வளவில் பரப்பவும் கூடாது, சபையின் குப்பை வண்டியில் போடவும் கூடாது. மூடிய பீப்பாயில் வைத்து, கழிவு ஒயில் எடுப்பவரிடமே கொடுங்கள்.

மாரியில் தொட்டி நிரம்பி வழிகிறது. பெரிதாகக் கட்ட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். கூரைத் தண்ணீரைத் தொட்டிக்கு வராமல் திருப்புங்கள். எங்கள் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டிவிடுகிறது. திறந்த முற்றத்து வெள்ளமும் பீலித் தண்ணீரும் தொட்டிக்குள் இறங்கினால், அதுவரை மிதந்து நின்ற எண்ணெய் முழுவதும் ஒரே மழையில் வெளியே போகும். வேலைத்தளத்துக்குக் கூரை போடுங்கள். அதன் ஓரத்தில் நாலு விரல் உயரத்துக்குச் சீமெந்து வரம்பு எழுப்புங்கள். கூரையின் சுத்தமான தண்ணீரைத் தனியாக நிலத்துக்கு விடுங்கள், கிணற்றுக்கும் அது நல்லது.

கழிவு ஒயிலைக் கறையானுக்கு மரத்தில் பூசுகிறார்கள், ஒழுங்கையில் தூசி அடங்க ஊற்றுகிறார்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பாவித்த ஒயில் புது ஒயில் அல்ல. எஞ்சினுக்குள் எரிந்த கரியும் தேய்ந்த உலோகமும் அதில் கலந்திருக்கும். வேலிக் கட்டையில் பூசியது முதல் மழையோடு கீழே இறங்கும். ஒழுங்கையில் ஊற்றியது இன்னும் வேகமாக இறங்கும். அடுப்பிலோ சூளையிலோ எரிப்பதற்குக் கொடுத்தாலும் அந்த உலோகங்கள் புகையோடு வரும்.

கசியாத பீப்பாயில், கூரைக்குக் கீழ், சீமெந்துத் தொட்டிக்குள் வைத்துச் சேருங்கள். பீப்பாய் உடைந்தாலும் முழு ஒயிலும் அந்தத் தொட்டிக்குள் அடங்க வேண்டும். ஆபத்தான கழிவைச் சேகரிக்க அனுமதி உள்ளவருக்கே விற்று, திகதியும் லீற்றரும் எழுதிய பற்றுச்சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புத்தளத்துச் சீமெந்துச் சூளை போன்ற மிகுந்த வெப்பமுள்ள இடத்தில் எரிப்பதுதான் அதற்குத் தக்க முடிவு.

கூலன்ற், பிரேக் ஒயில், பற்றரி அமிலம் எல்லாம் தொட்டிக்குப் போனால் பிரிந்துவிடும்தானே?

பிரியாது. தொட்டி மிதப்பதைத்தான் பிடிக்கும். இந்த மூன்றும் தண்ணீரில் கலந்துவிடுபவை. கூலன்ற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் இனிப்பானது. நாயும் ஆடும் நக்கிக் குடித்துச் சாகும், குழந்தைக்கும் அதுவே. ஒவ்வொன்றையும் தனித் தனிக் கேனில் சேருங்கள், ஒயில் பீப்பாயோடு கலந்தால் ஒயிலையும் யாரும் எடுக்கமாட்டார்கள். பற்றரியை உடைத்து அமிலத்தை ஊற்றாதீர்கள். உள்ளே ஈயம் இருக்கிறது. அமிலத்தோடு முழுசாகவே பழைய பற்றரி வாங்குபவரிடம் கொடுங்கள்.

பெற்றோல் நிரப்பும்போது கொஞ்சம் சிந்துகிறது. உடனே தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறோம். தவறா?

தவறு, அதோடு ஆபத்து. பெற்றோல் தண்ணீரின் மேல் மிதந்து, தீயையும் தூக்கிக்கொண்டு வாய்க்கால் வழியே போகும். உலர்ந்த மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சவிட்டு, தீப்பொறி வராத சவளால் அள்ளி மூடிய வாளியில் போடுங்கள். பம்புகளைச் சுற்றியுள்ள தளம் வெடிப்பில்லாத கொங்கிறீற்றாக இருக்க வேண்டும். சுற்றிலும் கம்பி மூடி போட்ட வாய்க்கால் வெட்டி, அதைப் பிரிக்கும் தொட்டிக்கு இணைக்க வேண்டும். வவுசர் வந்து இறக்கும் இடத்தையும் இந்த வாய்க்காலுக்குள் அடக்குங்கள். பெரிய சிந்தல் அங்கேதான் நடக்கும். பலர் பம்பை மட்டும் பார்த்து அதை விட்டுவிடுகிறார்கள்.

நிலத்துக்குக் கீழே தாங்கி கசிகிறதா என்று வெளியே இருந்து எப்படி அறிவது?

தினமும் அளவுகோலை விட்டு எடுக்கும் கணக்கே முதல் சாட்சி. நேற்றைய இருப்பு, வந்தது, விற்றது, இன்றைய இருப்பு ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு நாள் வித்தியாசம் பெரிதல்ல. பெற்றோல் ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும், சுருங்கும். வெயிலில் வந்த வவுசர் இறக்கியது இரவில் குறைந்து காட்டும். ஆனால் ஒரே பக்கமாக, கிழமைக் கணக்கில் குறைந்துகொண்டே போனால் தாங்கியையும் குழாயையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது அதே ஓட்டையால் தண்ணீர் உள்ளே வரும், கோடையில் எரிபொருள் வெளியே போகும். ஆகவே தாங்கிக்குள் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க அளவுகோலில் பூசும் பசை மார்கழியில் நிறம் மாறினால், வந்த தண்ணீரை வெளியேற்றிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சித்திரையில் எதிர்த்திசையில் நடக்கப்போவதை அது இப்போதே சொல்கிறது.

பக்கத்து வீட்டுக் கிணற்றில் படலம் மிதக்கிறது, உன் கராஜால்தான் என்கிறார்கள். எப்படிப் பிரித்தறிவது?

ஒரு வாளி அள்ளி வைத்து, படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுகள்போல் உடைந்து அப்படியே பிரிந்து நின்றால் பெரும்பாலும் நுண்ணுயிர்ப் படலம். கீறியது உடனே மூடி, வானவில் நிறம் திரும்பச் சேர்ந்தால் எண்ணெய். இது முதல் பார்வைக்கு மட்டும். தீர்ப்பு ஆய்வுகூடத்துடையது. மாதிரியைப் பிளாஸ்ரிக் போத்தலில் எடுக்காதீர்கள். எண்ணெய் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுகூடம் தரும் கண்ணாடிப் போத்தலில், இரு பகுதியினரும் நிற்கையில் எடுங்கள்.

பெற்றோல் மணம் வந்தால் சோதனை செய்துகொண்டு நிற்க வேண்டாம். கிணற்று மோட்டாரைப் போடாதீர்கள், யாரும் இறங்காதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். பெற்றோலில் உள்ள பென்சீன் கண்ணுக்குப் படலமாகத் தெரியாமலே தண்ணீரில் கரையும். குடிநீரில் அதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 0.01 மில்லிகிராம்தான். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள்.

இப்போது தாளையடியிலிருந்து குழாய்த் தண்ணீர் வருகிறது. இனிக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு?

தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தரும்படி கட்டப்பட்டது. அது குடிநீருக்கு. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் மாட்டுக்கும் கடல்நீரைச் சுத்திகரித்து இறைக்க யாராலும் முடியாது. குழாய் எட்டாத வீடுகளும் இருக்கின்றன.

பத்துப் பதினைந்து வருடம் பின்வளவுக் குழிக்குள் விட்டுவிட்டேன். இப்போது உரிமத்துக்குப் போனால் மாட்டிக்கொள்வேனா?

பயந்து குழியை மண் போட்டு மூடி, மேலே சீமெந்து பூசிவிட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள். மூடிய குழி கசிவதை நிறுத்துவதில்லை, நாளை தோண்டினால் மறைத்த குற்றமும் சேரும். முதலில் குழிக்குப் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். தொட்டிக்கான வரைபடத்தையும், குழியைத் துப்புரவு செய்யும் திட்டத்தையும் விண்ணப்பத்தோடு கொடுங்கள். தானாக வந்து திருத்துபவருக்கு நிபந்தனையும் கால அவகாசமும் போட்டுக் கொடுப்பதையே நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கிணற்றையும் அயலில் உள்ள இரண்டு கிணறுகளையும் இப்போதே சோதித்து அறிக்கையை வைத்திருங்கள்.

குழியில் கறுத்த மண்ணும் கல்லும் எவ்வளவு ஆழம் போகிறதோ அவ்வளவையும் எடுத்து, தொட்டிச் சேற்றுக்குச் சொன்னபடியே மூடிய பீப்பாயில் கையளிக்க வேண்டும். ஆவணியில் அல்லது புரட்டாசியில் தோண்டுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டுவிடும், பிறகு தைக்கு முன் அதற்குள் வேலை செய்ய முடியாது.